பாறைக்கு இருவராகப் போனோம்

துரைசாமி அண்ணன் இறந்த செய்தி கம்பெனி தொலைபேசிக்கு வந்தது. நான் அயர்ன் டேபிள் முன் நின்றிருந்தேன். மேனேஜர் வந்து, "சைக்கிள்காரர் போயிட்டாருங்க, அக்பர் பாய். நெஞ்சுவலியாமா," என்றார். ஊரில் அவருக்கு அதுதான் பெயர். ராஜஸ்தான் பாலைவனம் வரை தனியாகச் சைக்கிளில் போனவர். அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் அப்படித்தான் தெரியும். பாலைவனம் வரை நானும் உடன் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் வீரபாண்டியில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்தோம். அவர் டெய்லர், நான் அயர்ன் மாஸ்டர். ஜெய்சல்மேருக்கு அப்பால் மணல்வெளியில் தனித்து நிற்கும் ஒரு கரும்பாறையைப் பற்றி, நூல் லோடு கொண்டுவந்த லாரி டிரைவர் என்னிடம் சொன்னார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்று வேண்டிக்கொள்ளும் இடமாம். அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் சேந்து போய் நிக்கோணும், அக்பரு. சைக்கிள்லயே போலாம்," என்றார்.

கிளம்பும்போது என் மனைவி நசீமா அழுதாள். "தம்பிய நான் பாத்துக்கறனுங்க. பத்தரமாக் கூட்டிட்டு வந்துருவேன்," என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

பாறைக்கு முந்தைய கிராமத்தில் எனக்குக் கடும் வயிற்றுப்போக்கு. எழுந்து உட்காரவும் முடியவில்லை. ஆடு மேய்க்கும் குடும்பம் ஒன்று தங்கள் குடிசையில் இடம் கொடுத்தது. அண்ணன் ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நீ எந்திரிக்காம நான் அந்தப் பக்கம் ஒரு மிதி மிதிக்க மாட்டேன், சாமி," என்றார். நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் சுவரோரம் என் சைக்கிள் மட்டும் நின்றது. மாலைக்குள் திரும்பிவிடுவார் என்று வாசலையே பார்த்துக் கிடந்தேன். மறுநாளும் வரவில்லை. அவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன்.

கால் ஊன்ற முடிந்ததும், உருட்டியும் மிதித்தும் பாறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே விளக்கேற்றும் கிழவரிடம் எனக்குத் தெரிந்த உருதுவில் விசாரித்தேன். மதராஸ்காரர் ஒருவர் வந்தார், போட்டோ எடுத்துக்கொண்டார், ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார் என்றார். கூட யாரும் வரவில்லையா என்று கிழவர் கேட்டாராம். தனியாகத்தான் வந்தேன் என்றாராம் அண்ணன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அந்தச் சுடுகல்லில் கை வைத்து நின்றேன்.

நான் ஊர் திரும்பும் முன்பே அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்து முடிந்திருந்தது. முதலாளி அவரை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார். டீக்கடையில், "என்னங்க பாய், பாதியிலயே பயந்து நின்னுட்டீங்களாமா?" என்று கேட்டார்கள். நேராக அவரிடம் போனேன்.

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணுனீங்க? என் உசுரு போயிருந்தா?"

அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரு போனம்னா ஊரு நம்மள ஆளுக்குப் பாதியாத்தான் பேசும், கண்ணு."

அந்தக் கம்பெனியிலிருந்து அன்றே நின்று, வேறு கம்பெனிக்குப் போய்விட்டேன். நடந்ததைச் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். நசீமா மட்டும் நம்பினாள். போட்டோ அவரிடம் அல்லவா இருந்தது! பிறகு இத்தனை வருடங்களில் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார்.

இழவு வீட்டில் அந்தப் போட்டோவுக்கும் மாலை போட்டிருந்தார்கள். அவர் மகன் செந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க பாதி வழி அப்பாகூடப் போனவங்களாமா. இரங்கல் கூட்டத்துல ரெண்டு வார்த்த பேசோணும், மாமா."

"பாதி வழி இல்ல, கண்ணு. நானும் அந்தப் பாறைக்குப் போனேன்," என்றேன்.

அவன் கையை விட்டுவிட்டான். கூட்டத்தில் என்னைப் பேச அழைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு மதியவேளை. குஜராத்தில் எதிரே அனல்காற்று. "எம் முதுகுக்குப் பின்னாலயே வா, அக்பரு, காத்து உம்மேல படாது," என்று சொல்லி, பொழுது சாயும்வரை எனக்கு முன்னால் மிதித்துக்கொண்டே போனார். அது நடிப்பு இல்லை. அதனால்தான் இன்னும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை.