ஜினிஷாவின் பெயரில் ஓர் ஒப்புதல்

புதுக்கடை பக்கம் ரப்பர் பால் வெட்டும் யேசுரத்தினத்தின் மகள் ஜினிஷா, அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். விசைப்படகுகளுக்கு வலை இழுக்கும் வின்ச் செய்கிற பட்டறையில், கம்ப்யூட்டரில் பாகங்களின் படம் வரையும் வேலை அவளுக்கு. அங்கே ஒவ்வொரு பாகத்தின் வரைபடமும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று நாலு கம்ப்யூட்டர்களில் சிதறிக் கிடந்தது. எது சரியானது என்பது இருபது வருடமாக வரையும் ஜெயசிங்குக்கு மட்டுமே தெரியும்.

ஏழு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுவந்தாள். யார் திருத்தினார், யார் ஒப்புதல் தந்தார், எந்தக் கம்ப்யூட்டரில் என்பதெல்லாம் பதிவாகும். ஒப்புதல் உரிமையை முதலாளி சுயம்புலிங்கம் அவளுக்கே கொடுத்தார்.

“எந்தக் கம்ப்யூட்டர்னு எதுக்குட்டி எழுதுது? நாங்க என்ன களவாணிப் பயலுவளா?” என்றார் ஜெயசிங்.

“சும்மா ஒரு பதிவுதான் அண்ணே.”

“எனக்க பெஞ்சாதிகூட இவ்வளவு ஒற்று பாக்கமாட்டா, கேட்டியா.”

அறையே சிரித்தது. படித்த திமிர் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, அந்த ஒரு விவரத்தைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டாள். அவசரத்துக்கு இருக்கட்டுமென்று தன் பாஸ்வேர்டையும் அவரிடம் சொல்லிவைத்தாள்.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற வாரம். அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வின்ச் உருளையில் தண்டு நுழையும் துளை, வரைபடத்தில் நாற்பத்திரண்டு மில்லிமீட்டரிலிருந்து நாற்பத்தைந்தாகி, ஒப்புதலும் ஆகிவிட்டது. இருபது உருளைகளை அதே அளவில் துளைத்தார்கள். ஒன்றிலும் தண்டு இறுகி நிற்கவில்லை.

முதலாளி பதிவைத் திறந்தார். திருத்தியதும் ஜினிஷா, ஒப்புதல் தந்ததும் ஜினிஷா.

“இது பொய் சொல்லாதுன்னு நீதானே பிள்ளே சொன்னே?”

“நான் செய்யல்ல சார். எனக்க பாஸ்வேர்டு ஜெயசிங் அண்ணனுக்கும் தெரியும்.”

ஜெயசிங் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “தெரிஞ்சா நான்தான் செஞ்சேன்னு ஆவுமா மக்கா?”

ஆகாதுதான். ஆகும் என்று காட்டியிருக்கக்கூடிய ஒரே விவரத்தை அவளே எடுத்தெறிந்திருந்தாள். அது மரியாதையா, கோழைத்தனமா? தரவுத்தளம் பொய் சொல்கிறதா, அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது அவளா?

வேலை போகவில்லை. ஒப்புதல் உரிமையை ஜெயசிங்குக்கு மாற்றச் சொன்னார் முதலாளி. மாற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஜெயசிங் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“எனக்க பேருக்கு முன்னால சீனியர்னு ஒரு வார்த்தை சேர்த்திரு மக்கா.”

சேர்த்தாள்.