கஞ்சிக் கரண்டியும் கரை உடைப்பும்

வெள்ள நிவாரணம் என்பது, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்கும்போது, குடிக்க ஒரு குடம் தண்ணீருக்காக ஊர் ஊராக ஆள் அனுப்புகிற உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்கு நான் மனுப் போடவில்லை. நான் கிராம சேவிகா. ஊராட்சி ஒன்றியத்தில் வேலை. பெண்களுக்குத் தையல், தாய்மார்களுக்குக் குழந்தை வளர்ப்பு என்று சொல்லிக்கொடுக்கப் போனவள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆணையர் எங்களைக் கூப்பிட்டு, "முகாமைப் பாத்துக்குங்கம்மா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அதற்கப்புறம் அடுப்பு, கஞ்சி, பிளீச்சிங் பவுடர், அழுகிற குழந்தை எல்லாம் நம் தலையில். இதைப் படிக்கிறவர்களில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட வாத்தியார்கள், காலரா ஊசி போட்ட நர்சுகள், மூட்டை சுமந்த தலையாரிகள் யாராவது இருந்தால் உங்களுக்குப் புரியும். கஞ்சி காய்ச்சக்கூடப் பழகிவிடலாம். அங்கே காதில் விழுகிற பேச்சுக்குத்தான் நமக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது.

நான் சொல்லப்போவது நன்னிலம் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது. பேர் வேண்டாம். மேடைக்கு மேடை உழவன் பேச்சாக இருந்த காலம். நிலச் சட்டங்களும் வந்திருந்தன. ஆனால் அந்த ஊரில், குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தெற்குத் தெரு ஆட்களை மிராசுதார் ரத்தினசாமி வயலில் இறங்க விடவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்துக்கொண்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஆற்றங்கரை உடைந்து தெற்குத் தெருவுக்குள் வெள்ளம் வந்துவிட்டது.

ஆகாயத்திலிருந்து வந்த ரொட்டி

தெருவே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது, அஞ்சலை ஒருத்தியைத் தவிர. அவள் குடிசை கொஞ்சம் மேட்டில் இருந்தது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் அது மட்டும் முழுகாமல் நின்றது. ஆடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டு வருவோம் என்று நானும் தலையாரியும் வாழைத்தண்டுத் தெப்பத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் ஹெலிகாப்டர் வந்தது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. நான் கையை ஆட்டினேன். மேலிருந்து ஒரு சாக்கை உருட்டிவிட்டார்கள். அத்தனை தண்ணீர் பரந்து கிடக்க, அந்தச் சாக்கு நேராக அஞ்சலையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தது. தெப்பம் போய்ச் சேருவதற்குள் அவள் தலையெல்லாம் கூரைக் கீற்றும் ரொட்டித் தூளுமாக வெளியே வந்தாள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொதித்துக்கொண்டிருந்த கஞ்சிப் பானைதான் சுக்குநூறு.

ஆடுகளை அவிழ்த்துத் தெப்பத்தில் ஏற்றினாள். கடைசியாகத் தானும் ஏறிக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"வெள்ளம் செஞ்சதுக்கு இவுங்க நிவாரணம் குடுப்பாங்க. இவுங்க செஞ்சதுக்கு யாரும்மா குடுப்பா?"

எந்த நெல் இது

நிவாரண லாரி நீடாமங்கலம் தாண்டி வரமுடியவில்லை. பாலத்துக்கு மேல் தண்ணீர். முகாமில் இருந்த அரிசி தீர்ந்துபோனது. தாசில்தார் படகில் வந்து பார்த்துவிட்டு, மிராசுதாரின் களஞ்சியத்தைத் திறந்து நெல் எடுக்க உத்தரவு போட்டார். மூட்டைகள் வந்தன. பெண்கள் குத்திப் புடைத்தால் சாயங்காலத்துக்குள் கஞ்சி ஆகிவிடும் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. குழந்தைகள் பசியில் சுருண்டு கிடக்கின்றன. பெண்கள் மூட்டையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியாளை வைத்து அறுத்த நெல் அது. அதைத் தொட்டால் தகராறில் தோற்றுப்போனதாக ஆகிவிடும். எனக்குத் திகைப்பாக இருந்தது. கோபமும் வந்தது. குழந்தைகள் முகத்தைப் பாருங்கள் என்று சத்தம் போட்டேன்.

அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவளாகப் பேசுகிறவள் காளியம்மாள். கூலி கேட்டு முதலில் வயல் வரப்பில் உட்கார்ந்தவளும் அவள்தான். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே தாசில்தாரிடம் போனாள்.

"இதை எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீங்க சொல்லணுங்க. அவரு குடுத்தாருன்னா இது கூலி. கொறைஞ்ச கூலி, எங்களுக்கு வேணாம். நீங்க எடுத்தீங்கன்னா இது நிவாரணம். எதுன்னு சொல்லிட்டீங்கன்னா ஒலை வெச்சிடுறோம்."

தாசில்தார் பள்ளிக்கூட பெஞ்சு மேல் ஏறி நின்று, அரசாங்கம் எடுத்த நெல் என்று சொன்னார். அப்புறம்தான் உலக்கை எழுந்தது.

தன் களஞ்சியத்துக் கதவருகே நின்றுகொண்டிருந்த ரத்தினசாமியிடம் இதைத் தலையாரி போய்ச் சொன்னானாம். அவர் சொன்னது இது: "பசியிலயும் கணக்கா இருக்காளுவ. நாந்தான் தப்பா எடை போட்டுட்டேன்."

களம்

காளியம்மாளின் அப்பா மாரிமுத்து. தெற்குத் தெருவில் தண்ணீர் புகுந்த காலையில் மண்சுவர் சரிந்து அவர் இடுப்பில் விழுந்திருந்தது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து வகுப்பறையில் போட்டிருந்தோம். தாசில்தாரின் படகு போன பிறகுதான் வலி முற்றியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகு கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினேன். படகு வருவதற்கு முன்னால் அவர் போய்விட்டார். ஆயுசு முழுக்க ரத்தினசாமியின் பண்ணையில் உழுதவர்.

காளியம்மாள் அழுதாள். அழுது முடித்ததும் ஆண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுடுகாடு தண்ணீருக்கு அடியில். வாய்க்கால் மேடு கரைந்துவிட்டது. எங்கே கொண்டுபோய் எரிப்பது? செத்தவரை வைக்க ஒரு பாய் அகலத்துக்கு மண் இல்லாமல் போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அதுவும் முழங்காலளவு தண்ணீரில்தான் கிடந்தது.

ரத்தினசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தார். தகராறுக்கு அப்புறம் அவர் அந்த ஆட்கள் முன்னால் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊரில் தண்ணீர் ஏறாத திறந்த வெளி என்று மிச்சமிருந்தது அவருடைய நெல்லடிக்கிற களம் ஒன்றுதான். தெற்குத் தெரு ஆட்களை அதில் செருப்புக் காலோடு ஏறக்கூட விடமாட்டார். வண்டிக் கொட்டகையில் நனையாத கட்டை இருக்கிறது, எடுத்துக்கொண்டு களத்துக்கு வாருங்கள் என்றார். யாரும் நகரவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம்.

அவர் திரும்பவும் சொன்னார்: "களத்துலயே வைங்க. இந்த வருஷம் அங்க போட எங்கிட்டக் கதிர் இல்லை."

போட்டோ

தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு, பார்வையிட ஒரு பெரியவர் வந்தார். எந்தக் கட்சி, என்ன பதவி என்பதெல்லாம் நமக்கு எதற்கு? எல்லாக் கட்சியிலும் அவர் உண்டு. கூடவே போட்டோ எடுக்கிறவர். பள்ளிக்கூட வாசலில் கணுக்காலளவு தண்ணீர்தான் இருந்தது. படத்துக்கு அது போதாது என்று பெரியவருக்குப் பட்டுவிட்டது போலிருக்கிறது. வாய்க்கால் ஓரம் இடுப்பளவு ஆழத்தில் பெண்களை நிறுத்தி, அவர்கள் கையில் வேட்டி சேலைகளைக் கொடுக்கலாம் என்றார்.

மாரிமுத்துவை எரித்த புகை வாசனை அந்த ஊரைவிட்டு இன்னும் போகவில்லை. அஞ்சலை மட்டும் முன்னால் வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"அன்னிக்கே வந்திருந்தீங்கன்னா நிக்கவே வேண்டியதில்லீங்க. எல்லாரும் மெதந்துகிட்டுத்தான் இருந்தோம்."

மம்பட்டி வெட்டு

பொதுப்பணித்துறை ஓவர்சீயர் ஒருவர் உடைப்பைப் பார்க்க வந்தார். சாக்கு எத்தனை வேண்டும், ஆள் எத்தனை வேண்டும் என்று பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கரையில் குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்தார். தண்ணீர் அரித்த கரை பல்லுப் பல்லாகச் சரிந்திருக்கும். இது ஒரு பக்கம், மேலே இரண்டு முழத்துக்கு, கேக் வெட்டின மாதிரி நேராக இறங்கியிருந்தது. மம்பட்டி இறங்கின தடம் மண்ணில் அப்படியே பதிந்திருந்தது. "இது தண்ணி உடைச்சது இல்லம்மா" என்றார்.

நாங்கள் முகாமுக்குத் திரும்பியபோது காளியம்மாளின் புருஷன் கோவிந்தன் வந்திருந்தான். பேராவூரணிப் பக்கம் தேங்காய் உரிக்கப் போயிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமனார் செத்த செய்தி கேட்டு வந்தான் என்று நினைத்து நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவன் கஞ்சிப் பானைக்கு எதிரில், எல்லோர் முன்னாலும் மண்டியிட்டு உட்கார்ந்தான். கரையை வெட்டியது நான்தான் என்றான். ஆறு நிறைந்து ஓடியபோது, மிராசுதாரின் நாற்றங்கால் பக்கம் கரை போய்விடும் என்று பயந்து, கீழே தரிசுப் பக்கம் வெட்டிவிடச் சொன்னார்களாம். கூலிக்குத்தான் வெட்டினான். வேலை இல்லாமல் கிடந்த நாள், வீட்டில் சொல்லவில்லை. தண்ணீர் தரிசில் நிற்காமல் தெற்குத் தெருவுக்குள் திரும்பியதைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டு ஓடிவிட்டான்.

கஞ்சி வரிசை கலையவே இல்லை. யாராவது அவனை அடித்திருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. காளியம்மாள் கையில் கரண்டி இருந்தது. வரிசையில் அடுத்து நின்றவருக்கு ஊற்றினாள். அதற்கு அடுத்தவருக்கும் ஊற்றினாள். பிறகு கரண்டியை என்னிடம் கொடுத்தாள்.

"எல்லாரும் குடிச்சப்பறம் மிச்சம் இருந்துச்சுன்னா அந்தாளுக்கு ஊத்துங்கம்மா. என் கையால வேணாம்."

கேட்டேன், சொன்னார்

நான் ரத்தினசாமியிடம் போனேன். போகவேண்டாம் என்று தலையாரி தடுத்தான். நமக்கெதற்கு வம்பு என்று நினைக்கிற ஆள்தான் நானும். ஆனால் களத்தில் கட்டை அடுக்க இடம் கொடுத்த மனிதர் அவர். கோவிந்தன் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை.

அவர் வயல் ஓரத்தில் நின்றிருந்தார். இரண்டாம் போகத்துக்கு விட்ட தாளடி நாற்று மொத்தமும் சேறு மூடி அழுகிக்கொண்டிருந்தது. தெற்குத் தெருவில் புகுந்த தண்ணீர் அங்கிருந்து சுற்றிவந்து இவர் வயலையே அடித்துக்கொண்டு போயிருந்தது. வெட்டச் சொன்னது நீங்களா என்று கேட்டேன். மறுப்பார், கத்துவார், ஒன்றிய ஆணையரிடம் சொல்வேன் என்று மிரட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். அவர் அழுகிய நாற்று ஒன்றைப் பிடுங்கி, வேரைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"இத்தனை வருஷமா ஊர்ல எல்லாரும் எம் பேச்சக் கேட்டாங்க. தண்ணியும் கேக்கும்னு நெனச்சிட்டேம்மா."

புகார்

காளியம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். அதற்குள் ஊரில் பேச்சு வார்த்தை தொடங்கியிருந்தது. புகார் கொடுக்காமல் இருந்தால் அடுத்த குறுவை அறுப்பிலிருந்து கேட்ட கூலியைக் கொடுத்துவிடுவதாக மிராசுதார் தரப்பில் சொல்லி அனுப்பினார்கள். தெருவில் பாதிப் பேர் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வீடும் இல்லை, வேலையும் இல்லை. "கூலியை அறுப்பு வரும்போது கேட்டு வாங்கிக்குவோம். இது வேற" என்று காளியம்மாள் முடித்துவிட்டாள்.

ஸ்டேஷனில் அவள் இரண்டு பேர் சொன்னாள். ரத்தினசாமி. கோவிந்தன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டார். புருஷன் பேரை எடுத்துவிட்டால் அவனையே சாட்சியாக்கலாம், யோசித்துச் சொல் என்று அக்கறையாகத்தான் சொன்னார். நானும் பக்கத்திலிருந்து மெல்ல, "காளியம்மக்கா" என்றேன். அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"சொன்னது அவரு, வெட்டுனது இவரு. செத்தது எங்கப்பன். மம்பட்டி தானா எறங்கி வெட்டிக்கிச்சுன்னு எழுதப் போறீங்களா?"

ஒரே வீடு

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. சாட்சி சொல்லப் போகவேண்டாம் என்று அலுவலகத்தில் எனக்கு ஜாடையாகச் சொன்னார்கள். போனேன். வயலோரத்தில் ரத்தினசாமி சொன்னதை அப்படியே சொன்னேன். கூண்டில் நின்ற அவர் என்னை ஒரு தடவைகூட முறைக்கவில்லை. கோவிந்தன் எதையும் மறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் தண்டனை கிடைத்தது. ரத்தினசாமி மேல்முறையீடு செய்து வெளியே வந்தார். நிலத்தைப் பாதிக்கு மேல் விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்குக் குடிபோனார். கோவிந்தன் முழுத் தண்டனையும் இருந்துவிட்டு வந்தான்.

மாற்றலாகி வேறு ஊருக்குப் போயிருந்த நான், ஒரு நடவு சமயத்தில் அந்தப் பக்கமாக வந்தேன். காளியம்மாள் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நாற்றுமுடி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன் கோவிந்தன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சேர்த்துக்கொண்டீர்களா அக்கா என்று கேட்டேன். கையிலிருந்த சேற்றை வழித்துவிட்டுச் சொன்னாள்:

"பெரிய மனுசருக்குத் தஞ்சாவூர்ல இன்னொரு வீடு இருக்கு, போயிட்டாரு. இந்தாளுக்கு எங்க இருக்கு? ஒரே வீடு. அதையும் இவரே மூழ்கடிச்சாரு."

இத்தனைக்கும், வெள்ளம் வடிந்த கையோடு, அந்த வருஷத்து முகாம்களிலேயே பிரச்சினை எதுவும் இல்லாமல் நடந்தது எங்களுடையதுதான் என்று ஒன்றிய அலுவலகத்தில் எனக்கு மாலை போட்டார்கள்.