ஃபைன் டைமிங்

பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ரசம் தயார், மீன் தயார், நூற்றிருபது பேருக்கு மேஜை தயார். கேன்டீன் கதவை நானே இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிட்டு, ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டு நின்றேன். ஈ, காக்கை கூட வரவில்லை.

இது நடந்தது 1991 கோடையில். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் போகிற வழியில் ஒரு ஸ்பிரிங் ஃபேக்டரி. எனக்கு இருபத்துநான்கு வயது. கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு அந்த கேன்டீனில் சூப்பர்வைசராகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இன்றைக்கு என் உணவகத்தைப் பற்றி எழுத வருகிற பிள்ளைகள், "ஃபைன் டைனிங் எங்க கத்துக்கிட்டீங்க மேடம்? ஃபாரின்லயா?" என்று கேட்கிறார்கள். "சைக்கிள் ஸ்டாண்டில்" என்பேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். சமையல் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளாவது தெரிந்துகொள்ளட்டும் என்று முழுக் கதையையும் இங்கே எழுதுகிறேன்.

1. போர்டு

அந்த வாரத் திங்கட்கிழமை பெர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஜெர்மனியிலிருந்து கூட்டாளி கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் புதன்கிழமை வருகிறார்களாம். தொழிலாளிகள் சாப்பிடுகிற இடத்தில்தான் சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இதோ பாரும்மா ஸ்டெல்லா. ஃபைன் டைனிங் ரேஞ்சுக்கு இருக்கணும். சரியா வந்தா கிச்சன் உன் கையில. சொதப்பினேன்னா வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் வந்து சார்ஜ் எடுத்துப்பார். லேடீஸ் இவ்ளோ பெரிய கிச்சன சமாளிக்க முடியாதுன்னு ஏற்கெனவே மேல பேச்சு இருக்கு."

பயந்திருக்க வேண்டும். நான் துள்ளிக் குதித்தேன். படிக்கும்போது புத்தகத்தில் மட்டுமே பார்த்த விஷயம் அது. ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பாடு உட்கார்ந்த இடத்துக்கே வரும். ஒரு கோர்ஸ் முடிந்த பிறகுதான் அடுத்தது. விருந்தாளி மூன்று பேருக்கு மட்டும் எதற்கு? அன்றைக்கு ஷிஃப்டில் இருக்கிற நூற்றிருபது பேருக்கும் போட்டால் என்ன? எனக்கு அந்த கேன்டீனில் ஆகாதது ஒன்றே ஒன்று. தட்டைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அரை மணி நேர இடைவேளையில் இருபது நிமிஷம் நிற்பதிலேயே போய்விடும்.

சமையல் மாஸ்டர் கன்னியப்பன் மணிமங்கலத்துக்காரர். என் மெனுவைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அஞ்சு வாட்டியா பரிமாறணும்? அரை மணியிலயா? உனக்கு இன்னா ஆச்சு ஸ்டெல்லாம்மா?"

"ஒரு ஐட்டத்துக்கு ஆறு நிமிஷம் மாஸ்டர். கணக்கு சரியா வருது பாருங்க."

முதலில் டம்ளரில் தெளிய வடிகட்டிய மிளகு ரசம். அடுத்து தொன்னையில் சுட்ட கத்திரிக்காய். மூன்றாவது மந்தார இலையில் ஏரி விரால், மீன் சாப்பிடாதவர்களுக்கு வாழைக்காய். பிறகு தட்டில் சோறும் குழம்பும். கடைசியில் நுங்குப் பாயசம். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாலும், விராலை அவரே விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்து வந்தார்.

என் சந்தோஷம் அத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு டைம் ஆபீஸ் வாசலில் இருந்த கரும்பலகைக்குப் போனேன். அதில் இடது பாதியில் எப்போதும் ஏதோ பட்டியல் இருக்கும். அதை நான் ஒருநாளும் படித்ததில்லை. காலியாக இருந்த வலது பாதியில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்:

"நாளை மதியம் கேன்டீனில் ஃபைன் டைனிங். அனைவரும் பன்னிரண்டு மணிக்கு இருக்கையில் அமர்ந்துவிட வேண்டும். தாமதம் கூடாது."

2. சைக்கிள் ஸ்டாண்ட்

புதன்கிழமை பன்னிரண்டு அடித்து மூன்று நிமிஷம் ஆனது. மாஸ்டர் பின்பக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஸ்டெல்லாம்மா! எல்லாம் சைக்கிள் ஸ்டாண்டுல குந்திகினு கீறாங்க! பன்னு துன்னுகினு கீறாங்க!"

ஓடினேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மொத்த ஷிஃப்டும் உட்கார்ந்திருந்தது. சிலர் சைக்கிள் கேரியரில், சிலர் சிமென்ட் கட்டையில், மற்றவர்கள் தரையில். கையில் டீக்கடை பன். நடுவில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர் எத்திராஜ் நின்றுகொண்டிருந்தார். யூனியனில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஏண்ணா, சாப்பாடு ஆறுதே! ஏன் யாரும் வரல?"

"இன்னாம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கற? நீதான போர்டுல எழுதின? லேட்டா வந்தா ஃபைன், சேஃப்டி ஷூ போட்லனா ஃபைன், லஞ்சுக்கு போய் லேட்டா வந்தா ஃபைன். இப்ப துன்றதுக்குமா ஃபைனு?"

"நான் எங்க அப்படி எழுதினேன்?"

"ஃபைன் டைமிங்! தாமதம் கூடாது! எய்தி வச்சிட்டு எங்கன்னு கேக்கற? உன் கேன்டீன் வரிசையில நின்னு நின்னுதான் நாங்க லேட்டாவே ஆவறோம். அதுக்கு எங்களுக்கே ஃபைனா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடது பாதியில் இருந்தது அபராதப் பட்டியல். அந்தப் போர்டின் முன் நிற்கிற யாருக்கும் 'ஃபைன்' என்றால் ஒரே அர்த்தம்தான். 'டைனிங்' என்ற வார்த்தையோ யாருமே கேள்விப்படாதது. ஒருத்தர் அதை 'டைமிங்' என்று படித்திருக்கிறார், ராத்திரிக்குள் எல்லோருக்கும் அதுவே ஆகிவிட்டது. என் அழகான கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை இது!

"அண்ணா, அது டைமிங் இல்ல, டைனிங். ஃபைன்னா நல்லதுன்னு அர்த்தம்."

"யாருக்கு?" என்றார் எத்திராஜ். மொத்த ஸ்டாண்டும் சிரித்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி அவர்கள்மேல், பாதி என்மேல். இன்னும் ஐந்து நிமிஷத்தில் விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். காலி கேன்டீனைப் பார்த்தால் வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் வருவார், நான் படப்பை பஸ்ஸில் வீட்டுக்குப் போவேன். கெஞ்சி உள்ளே அழைத்துப் போகலாம். ஆனால் நூற்றிருபது பேர் முன்னால் மறுத்துவிட்ட எத்திராஜ் இனி வரமாட்டார். நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

"சரி, யாரும் எழுந்திரிக்க வேணாம்," என்றேன். "உக்காந்த இடத்துக்கே வரும்."

"தட்டு எங்க வாங்கணும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எங்கயும் வாங்க வேணாம். வரும்!"

3. ஐந்து ஐட்டம்

பிரஸ் ஷாப்பில் ஸ்பிரிங் பெட்டிகளைத் தள்ளுகிற டிராலி நான்கு வெளியே நின்றிருந்தன. ஈரத்துணியால் துடைத்து, பழைய செய்தித்தாள் விரித்து, டம்ளர்களை அடுக்கினோம். கிச்சனில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு பக்கம். மாஸ்டர், "தள்ளு, தள்ளு, சிந்தாத தள்ளு!" என்று தேர் இழுக்கிற மாதிரி கத்திக்கொண்டு முதல் டிராலியோடு பாய்ந்தார்.

ரசம் எல்லோர் கைக்கும் போனது. எத்திராஜ் முதலில் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் இன்னொரு வாய் குடித்தார். அதற்கப்புறம் எத்திராஜும் சிமென்ட் கட்டையில் உட்கார்ந்து டம்ளரை எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார்.

"சங்கு ஊதினதுலேர்ந்து அரை மணிக்கு மேல ஒரு நிமிஷம் போச்சுனா, ஃபைன் உனுக்குதாம்மா."

"சரிண்ணா!"

கத்திரிக்காய்த் தொன்னைகள் போய்க்கொண்டிருந்தபோது பெர்சனல் மேனேஜர் விருந்தாளிகளோடு வந்து சேர்ந்தார். முதலில் காலி கேன்டீனைப் பார்த்திருக்கிறார். பிறகு சத்தம் வந்த திக்கில் நடந்திருக்கிறார். சைக்கிள்களுக்கு நடுவே தொழிலாளிகளுக்கு நாங்கள் பரிமாறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. என்னைப் பார்த்து வாயசைத்தார்.

விருந்தாளிகளில் பெரியவர், ஆறடிக்கு மேல் உயரம், சுற்றிலும் பார்த்தார். சிமென்ட் கட்டையில் இடம் இருந்தது. உட்கார்ந்துவிட்டார். எத்திராஜுக்குப் பக்கத்தில்! நான் ரசத்தை நீட்டினேன். அவர் ஒரு மடக்கு குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு மடக்கு குடித்துவிட்டு உரக்கச் சொன்னார்:

"ஃபைன்! வெரி ஃபைன்!"

மொத்த ஸ்டாண்டும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாடா இது, வந்ததும் வராததுமா இவரும் ஃபைன் போட்டுட்டாரு!" என்றது ஒரு குரல்.

எத்திராஜ் அந்த மனிதரின் முகத்தை ஒரு நொடி பார்த்தார். காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நூற்றிருபது பேரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் ஜெர்மன்காரர்களும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜரும் சிரித்தார்.

அதற்கப்புறம் நாங்கள் நடக்கவில்லை, பறந்தோம். மீன், சோறு, குழம்பு எல்லாம் டிராலியில் ஓடின. மாஸ்டர், "மூணாவது! மூணாவது!", "நாலாவது போய்ட்சா?" என்று எண்ணிக்கொண்டே இருந்தார். கடைசிப் பாயசத் தொன்னையைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எத்திராஜ் கடிகாரத்தை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"இருவத்தெட்டு நிமிஷம்!"

என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ கைத்தட்டல் கேட்டிருக்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அதிர்ந்த அந்தக் கைத்தட்டலுக்கு எதுவும் ஈடாகாது.

அன்று சாயங்காலம் மேனேஜர் கிச்சனுக்கு வந்தார். "முதல்ல அந்த போர்ட அழி," என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார். அடுத்த வாரத்திலிருந்து கேன்டீனில் வரிசை கிடையாது. உட்கார்ந்தால் சாப்பாடு வரும். லஞ்சுக்கு லேட் என்ற அபராதம் போர்டில் தானாகவே மறைந்துபோனது.

4. மெனு கார்டு

நான் கற்றுக்கொண்டது இதுதான். எழுதுவதற்கு முன்னால், படிக்கிறவர் எந்தப் போர்டின் முன்னால் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். என் உணவகத்தில் புதிய மெனு அச்சுக்குப் போகும் முன் எங்கள் வாட்ச்மேன் அதைச் சத்தமாகப் படிப்பார். அவர் தயங்குகிற வார்த்தையை அங்கேயே அடித்துவிடுவேன்.

நான் சொந்தமாக உணவகம் திறந்த நாளில் எத்திராஜண்ணாவுக்கும் கன்னியப்பன் மாஸ்டருக்கும்தான் முதல் மேஜை. மாஸ்டர் நேரத்துக்கே வந்து, நேராகக் கிச்சனுக்குள் போய் ரசத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். எத்திராஜண்ணா வரும்போது முக்கால் மணி நேரம் தாமதம். தலை முழுக்க நரைத்திருந்தது. வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே தயங்கி நின்றார். விளக்குகளையும் மேஜை விரிப்புகளையும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"பஸ்ஸு லேட்டாக்கிட்ச்சும்மா. எவ்ளோ ஃபைனு?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்துப் போனேன். அவரோ உட்காராமல் சுற்றிமுற்றிப் பார்த்தார்.

"தட்டு எங்க வாங்கணும்?"

"உக்காருங்கண்ணா," என்றேன். "வரும்."