இண்டெக்ஸ் அக்காவும் தேடிக் கொடுத்தவரும்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவரை இண்டெக்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். என்ன கோளாறு என்று போய் நின்றாலும் தடித்த புத்தகம் ஒன்றை உருவி, நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போய், வார்த்தைப் பட்டியலில் விரலை ஓட்டுவார். விரல் நின்றால் பாதிக் கோளாறு தீர்ந்த மாதிரி.

வீட்டிலும் கட்டிலுக்கடியில் கணினிப் புத்தகங்கள்தான். கணவர் ஓவிய ஆசிரியர்; சட்டையில் கறை பட்டாலும் தலை வலித்தாலும் கைபேசியில் தேடுகிறவர்.

"செங்கல் மாதிரி வாங்கி அடுக்குறியே! எல்லாம் போன்லயே கிடைக்குதே."

"கிடைக்கும். எழுதினவன் யாரு, எந்தக் காலத்துல எழுதினான்னு சொல்லுமா?"

அக்காவின் போன் வெறும் பொத்தான் போன்.

ஒரு திங்கட்கிழமை காலை, பிரிவில் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றியதும் சர்வர் படுத்துவிட்டது. இணையமும் அதன் வழியாகத்தான் வரவேண்டும், அதுவும் போயிற்று. முன்கூடத்தில் நோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டியது. அக்கா புத்தகத்தைப் புரட்டி, சொன்னது சொன்னபடி செய்தார். அசையவில்லை. புத்தகம் பழைய பதிப்புக்கு எழுதியது. அவருக்கு முகமே விழுந்துவிட்டது. பிரிவில் மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை; வேறு வழியில்லாமல் கணவருக்குப் போன் போட்டார்.

"என்னங்க, ஒண்ணு தேடிச் சொல்றீங்களா?"

"நீயா கேக்குற?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோங்க. நான் சொல்றதை அப்படியே அடிங்க."

எழுத்தெழுத்தாகச் சொன்னார். ஆசிரியர் முதல் பதிலைப் படித்தார்: மொத்த ஃபோல்டரையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவும்.

"ஐயையோ, நோயாளிங்க விவரமெல்லாம் அதுலதான் இருக்கு! அடுத்தது."

"இருநூறு பேர் லைக் போட்டிருக்காங்களேம்மா."

"அவங்களா வந்து பதில் சொல்வாங்க? அடுத்தது படிங்க."

அடுத்தது வேறு வகைக் கணினிக்கானது. அதற்கடுத்ததில் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டே வரி எழுதியிருந்தார்: புதுப் பதிப்பில் ஒரு செட்டிங் அமைப்பின் பெயரை மாற்றிவிட்டார்கள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அமைப்பு என்ன வேலை செய்கிறது என்று ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்தவர் ஆயிற்றே.

"இதுதாங்க! புதுப் பேரை மெதுவா சொல்லுங்க."

"நடுவுல கோடு... இல்ல, கோடு கீழ கிடக்கு."

"கீழயா, நடுவுலயா?"

"படம் வரையற ஆளும்மா நான், கோடு எனக்குத் தெரியாதா? கீழதான்!"

ஒரே ஒரு வரியை மாற்றினார். சர்வர் எழுந்து உட்கார்ந்தது. முன்கூடத்தில் சீட்டு அச்சாகிற சத்தம் கேட்டதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் முழுக்க ஆசிரியர், தானே மருத்துவமனையைக் காப்பாற்றியதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்கா மறுக்கவில்லை. புதுப் பதிப்புக்கான புத்தகம் வந்ததும் வாங்கிவிட்டார், முன்னதைவிடத் தடிமன்.

"உனக்கும் ஒரு நல்ல போன் வாங்கிடலாமா?" என்று கேட்டார் கணவர்.

"எதுக்குங்க? நீங்க படிச்சுக் காட்டுறதே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அட்டையைத் தடவி, முன்னுரையிலிருந்து ஆரம்பித்தார் அக்கா.