குளவி இருக்குதுங்க

இலங்கையின் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டப் பாதையில் பைனாகுலரோடு பறவை தேடி நடந்தபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். இடுப்பில் சேலைக்கு மேல் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் கூடை, வெற்றிலைச் சிவப்பு வாய். ஒவ்வொரு தேயிலைச் செடியையும் ஒரு நொடி உற்றுப் பார்த்த பிறகே கொழுந்தில் கை வைத்தார். ஒரு செடியை மட்டும் தொடாமல் தாண்டினார்.

"ஏம்மா, அதை விட்டுட்டீங்க?"

"கிட்ட வந்து பாருங்க. அந்த எல நடக்குது."

பார்த்தேன். நரம்பும் பழுப்பு விளிம்புமாக இலையேதான். ஆனால் ஆறு கால்கள். இலைப்பூச்சியை உயிரோடு கண்டது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

மேட்டிலிருந்து கங்காணி கத்தினார்: "அந்தச் செடிய ஏன் விட்ட?"

"குளவி இருக்குதுங்க!"

கங்காணி அந்தப் பக்கமே வராமல் திரும்பிப் போனார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

இதுவரை எத்தனை செடிகளில் அவருக்கு இப்படிக் குளவி இருந்திருக்குமோ என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே நடந்தேன்.