முத்துசெல்வி அனுப்பி வைத்த ஐதராபாத் பயணம்

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற சிறுதானியக் கம்பெனி ஒன்றில் முத்துசெல்விக்கு ஆபீஸ் வேலை. குதிரைவாலி முறுக்கு, கம்பு சேவு, சாமை அவல் என்று அங்கே தயாராகும் சரக்கை வெளியூர்க் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோக வருஷத்துக்கு நாலைந்து தடவை ஒரு கூட்டம் கிளம்பும். அந்தக் கூட்டத்தைக் கிளப்பி, போய்ச் சேர வைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது முத்துசெல்வியின் பொறுப்பு. யாரும் அவளிடம் அப்படி ஒப்படைக்கவில்லை. ஒரு தடவை டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். அதோடு அது அவள் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிக்கெட் போடுவது அதில் சின்ன வேலை. கணக்கர் சாமுவேல்ராஜ் ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் இருந்தாலும் கோயிலுக்குப் போகாமல் இருக்க மாட்டார், ஆகவே தங்குமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் வேண்டும். பேக்கிங் சூப்பர்வைசர் உமாராணிக்கு ஏசி வண்டியில் கதவு மூடியதும் குமட்டும், ஜன்னலோரம் வேண்டும். டிரைவர் ஒருவர் விடும் குறட்டைக்குப் பக்கத்தில் யாரும் படுக்க முடியாது, அவருக்குத் தனி ஏற்பாடு. இதெல்லாம் முத்துசெல்விக்கு மனப்பாடம். சென்னையில் எந்த ஆட்டோக்காரர் சாம்பிள் பெட்டிகளை முகம் சுளிக்காமல் ஏற்றுவார், பெங்களூரில் எந்த மெஸ்ஸில் ராத்திரி ரசம் கிடைக்கும் என்பது வரை சொல்லுவாள். இந்த ஊர்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. வடக்கே மதுரையைத் தாண்டி அவள் கால் வைத்ததே கிடையாது.

முதலாளி செல்வகணேஷ் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "நீயும் போயிட்டு வாயேம்மா."

"நானும் போயிட்டா இங்கன இருந்து யாரு அண்ணாச்சி பாக்குறது?" என்று சிரித்துக்கொண்டே நழுவி விடுவாள். உண்மையான காரணம் வேறு. தெரியாத ஊரில் வழி தவறி நடுத்தெருவில் நிற்பது போல அவளுக்கு அடிக்கடி கனவு வரும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ஐதராபாத்தில் ஒரு உணவுக் கண்காட்சி. சாமுவேல்ராஜ் தலைமையில், உமாராணியோடு சேர்த்து ஒரு கூட்டம் கிளம்பியது. அவர்கள் அங்கே போய் இறங்கும் அதே நாளில் முத்துசெல்வியின் பிறந்த ஊரான நாகலாபுரத்தில் அவள் அண்ணன் மகள் பிரித்திகாவுக்குக் காதுகுத்து. அத்தை இல்லாமல் முடியுமா? கடைசிப் பெட்டியும் ரயிலில் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகு நிம்மதியாகச் சீர்த்தட்டோடு ஊருக்குப் போனாள்.

காலையில் மேளம் கொட்டத் தொடங்கி, பிரித்திகாவைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கும் நேரத்தில் போன் அடித்தது. சாமுவேல்ராஜ்.

"செல்வி, இங்க ரூம் இல்லையாம்மா. பெட்டியோட வாசல்ல நிக்குதோம். மழை வேற."

"அதெப்படி அண்ணாச்சி இல்லாமப் போகும்? நேத்துகூடப் பேசினேனே!"

அதற்குமேல் அவர் குரல் கேட்கவில்லை. வீட்டுப் பக்கம் சிக்னல் அப்படித்தான். முத்துசெல்வி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிளகாய்க் காட்டுப் பக்கம் ஓடினாள். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் களியாகக் கிடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பு மண்ணோடு மண்ணாகிக் கனத்தது. அதை வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு மேட்டில் ஏறி நின்றாள்.

"ஏட்டி செல்வி, பிள்ளைக்குக் காது குத்தப் போறாவ! எங்கட்டி போறே?" என்று பின்னால் அவள் அண்ணி வெள்ளைத்தாயின் சத்தம் கேட்டது.

"இந்தா வாரேன் மதினி!"

மறுபடி சாமுவேல்ராஜ் கிடைத்தார். விஷயம் இதுதான். அந்த ஓட்டலில் ஒரு கல்யாண வீட்டார் தங்கியிருந்தார்கள். அன்று விடியற்காலையில் கல்யாணத்தை முடித்துவிட்டு அவர்கள் காலி செய்திருக்க வேண்டும். மழையால் மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரத் தாமதமாகி, கல்யாணம் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. எல்லா அறையிலும் சொந்தக்காரர்கள். மேனேஜர் பாவம், இந்தியிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றி வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார். கண்காட்சி நடப்பதால் சுற்றுவட்டாரத்தில் வேறு அறையும் இல்லை.

"போனை அவர்ட்ட குடுங்க அண்ணாச்சி" என்றாள் முத்துசெல்வி.

அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. ஊரில் பல குடும்பங்களுக்கு அதுதான் வீட்டுப் பேச்சு. எழுதப் படிக்கத் தெரியாது, பேச மட்டும் வரும். வெளி ஆட்களிடம் பேசக் கூச்சம் என்பதால் இதுவரை ஓட்டல்காரர்களிடம் இங்கிலீஷிலேயே சமாளித்து வந்தாள். அன்றைக்கு அவசரத்தில் கூச்சம் பறந்துவிட்டது. வாயில் வந்தபடி தெலுங்கில் பொரிந்து தள்ளினாள்.

 மறுமுனையில் மேனேஜர் சிரிப்பது கேட்டது. "அம்மா, இது எந்த ஊர்த் தெலுங்கு? பாதி புரிகிறது, பாதி கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அறை என் கையில் இல்லையே!" என்றார்.

"அப்படின்னா கல்யாண வீட்டு ஆள் யாரையாவது பேசச் சொல்லுங்க."

மணப்பெண்ணின் பெரியம்மா சரோஜம்மா போனுக்கு வந்தார். அதட்டலான குரல். யார், என்ன வேண்டும் என்று கேட்டு முடிப்பதற்குள் இந்தப் பக்கம் மேளச் சத்தம் ஓங்கியது. "அங்கே என்ன விசேஷம்?" என்றார் சரோஜம்மா.

"அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அதை விட்டுட்டு எங்க ஆளுகளுக்காகச் சேத்துல நிக்கேன். விசேஷ வீட்டுல ஆள் வந்து குவிஞ்சா என்ன பாடுன்னு எனக்குத் தெரியும். உங்க சின்னப் பிள்ளைகளை ஒரே அறையில படுக்க வச்சா எங்களுக்கு ரெண்டு மூணு அறை ஒழியாதா? பெட்டியில நிறைய முறுக்கு இருக்கு, பிள்ளைகளுக்குக் குடுக்கச் சொல்லுதேன்."

அவள் தெலுங்கில் சொன்னது ஏறக்குறைய இதுதான்.  சரோஜம்மா அந்தப் பக்கம் யாரையோ கூப்பிட்டு விரட்டுவது கேட்டது. பிறகு, "மூன்று அறை தருகிறேன். ஆனால் உன் ஆட்கள் நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும்" என்றார்.

முத்துசெல்வி திரும்பி ஓடிவருவதற்குள் ஒரு காது குத்தியாகிவிட்டது. மறுகாது குத்தும்போது முழங்கால் வரை கரிசலோடு கூட்டத்துக்குள் புகுந்து பிரித்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீறிட்டு அழுதுகொண்டிருந்த பிள்ளை அத்தையின் கோலத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. வெள்ளைத்தாயும் கோபத்தை மறந்து சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் கம்பெனி வாட்ஸ்அப்பில் உமாராணி ஒரு வீடியோ போட்டாள். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமுவேல்ராஜ் ஆடிக்கொண்டிருந்தார். ஆபீஸில் அவர் பல் தெரியச் சிரித்துக்கூட யாரும் பார்த்ததில்லை. செல்வகணேஷ் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

கூட்டம் ஊர் திரும்பியதும் சாமுவேல்ராஜ் நேராக முத்துசெல்வியின் மேஜைக்கு வந்தார். "சரோஜம்மா உன்னைத்தான் கேக்குதாவ. பேசின பிள்ளை எங்கன்னு. நான் என்ன பதில் சொல்ல?"

அன்றைக்கு அவள் நழுவவில்லை. "எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி" என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"பயமா? எங்களையெல்லாம் ஊர் ஊரா அனுப்புதவ நீதானே?"

"அனுப்புறது வேற, போறது வேற."

சாமுவேல்ராஜ் கேலி செய்யவில்லை. "சரி, அடுத்த தடவை நீ ஒண்ணும் பாக்காண்டாம். உனக்கு டிக்கெட் நான் போடுதேன்" என்றார்.

சொன்னபடியே போட்டார். இந்த வருஷம் அதே கண்காட்சிக்குக் கோவில்பட்டி ஸ்டேஷனில் முத்துசெல்வி கூட்டத்தோடு நின்றாள். மதுரை தாண்டும்வரை உமாராணியின் கையை விடவில்லை. திண்டுக்கல்லில் ஒரு டீ வாங்கிக் குடித்தாள். அதற்கப்புறம் ஜன்னலை விட்டு யாராலும் அவளை நகர்த்த முடியவில்லை.

கண்காட்சியில் அவர்கள் ஸ்டாலில்தான் சிரிப்புச் சத்தம் அதிகம். முறுக்கைவிட அவள் தெலுங்கைக் கேட்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். கேட்டவர்கள் முறுக்கும் வாங்கினார்கள். கடைசி நாள் சரோஜம்மா மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று முத்துசெல்வியின் கையைப் பிடித்து இழுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கோவில்பட்டி ஆபீஸில் போன் அடித்தது.

"அண்ணாச்சி, எல்லாரும் இன்னைக்கு ஏறட்டும். எனக்கும் உமாராணிக்கும் மட்டும் நாளைக்கு டிக்கெட் மாத்திப் போடுங்க. சார்மினார் பாக்கணும்."

"எனக்கு அதெல்லாம் எப்படிம்மா தெரியும்?" என்று பதறினார் செல்வகணேஷ்.

"சொல்லித் தாரேன் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க."