எட்டாவது கல்

பங்குனியில் உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயவைத்ததும் எங்களுக்குத் தார்ச்சாலைதான் களம். காலையில் பரப்பிவிட்டால் சிதம்பரம் பஸ்கள் ஏறி ஏறியே நெற்று உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். மிஷினுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் பொறுமை எனக்கு ஏது? அன்று என் கணவர் வேலைக்குப் போனபின் வளைவில் செடியைப் பரப்பினேன். பைக்கில் வருகிறவர்கள் செடியில் வழுக்காமல் ஒதுங்கிப் போக, ஓரமாக எட்டுக் கற்களை வரிசையாக வைத்தேன். எல்லாம் எங்கள் பழைய அடுப்படிச் சுவரை இடித்தபோது கிடைத்தவை, நீலச் சாயம் பூசியவை.

மாலை நாலு மணிக்கு மேற்கே கருகருவென்று இருட்டியது. நானும் மாமியாரும் அள்ளிக் கட்டி மூட்டைகளைக் கொட்டகைக்குள் தள்ளுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"கல்லெல்லாம் எடுத்துட்டியாம்மா?"

"எடுத்தாச்சு அத்த. ஒரே கேள்விய எத்தினி வாட்டி கேப்பீங்க?"

தலையைத் துவட்டும்போதுதான் மூலையில் கிடந்த கற்களை எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழேதான். ஒன்றைச் சாலையிலேயே விட்டுவிட்டேன். ஆனாலும் இந்த மழையில் யார் வரப்போகிறார்கள், விட்டதும் போய் எடுக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். சாலையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அரை மணி கழித்துத்தான் உறைத்தது. குடிகாட்டில் வேலை முடிந்து என் கணவர் அந்த வழியாகத்தான் வருவார். போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்காதபோது நனைந்தபடி வாசலுக்கு ஓடினேன். எதிரே அவர் வண்டி. சட்டையெல்லாம் ரத்தம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. வளைவுல ஒரு பொண்ணு ஸ்கூட்டியோட வுழுந்து கெடந்துச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு வரேன். கண்ணே தொறக்கல."

"அப்பாடா" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"செடிய வாரிட்டு கல்ல வுட்டுட்டு போயிருக்காங்க, பாவிங்க. தண்ணிக்குள்ள எப்டி தெரியும்? இன்னொருத்தரு வுழுவக் கூடாதுன்னு எடுத்தாந்துட்டேன்."

சாப்பாட்டுப் பையிலிருந்து அதை எடுத்துக் கொட்டகை மூலையில் வைக்கப் போனவர், மற்ற ஏழையும் பார்த்து அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தாம்ப்பா கல்ல எடுத்தேன். எனக்குத்தான் கண்ணு மங்கிப் போச்சே" என்றார் மாமியார்.

அன்று ஒரு கல்லைக்கூட அவர் தொடவில்லை. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.